ரெண்டு நாள் பார்க்கலாம்!

ராத்திரி ஒண்ணே முக்கால். மாதக் கடைசியில் கூட நிம்மதியாகத் தூங்கக்கூடிய ஒரே நேரம். "அப்பா... காது..." என்று பக்கத்தில் ஒரு முனகல்.

என் மகளுக்கு நாலு வயது. எல்.கே.ஜி. படிக்கிறாள். வயிற்று வலி என்றால் மறுநாள் ரைம்ஸ் டெஸ்ட் என்று அர்த்தம். கால் வலி என்றால் தூக்கிக்கொண்டு போ என்று அர்த்தம். ஆனால் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு அழுகிற குழந்தைக்கு உள்நோக்கம் கற்பிக்க முடியாது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல்.

ஐந்து நிமிஷத்தில் வீடு சட்டசபை ஆகிவிட்டது. என் மாமியார்தான் முதலில் எழுந்தார். "மாப்பிள்ளை, பதறாதீங்க. நல்லெண்ணெயில ரெண்டு பூண்டுப்பல் தட்டிப் போட்டு, வெதுவெதுன்னு ரெண்டு சொட்டு விட்டா காலையில துள்ளி விளையாடுவா."

"அம்மா, காதுல எண்ணெய் கிண்ணெய் எல்லாம் வேண்டாம்" என்றாள் என் மனைவி.

"உனக்கு விட்டு வளர்த்தவதாண்டி நான்."

"அதனாலதான் நான் கூப்பிட்டா இவருக்குக் கேக்கற மாதிரி, இவர் கூப்பிட்டா எனக்குக் கேக்கறதில்லை."

நான் நடுநிலை வகித்து செல்போனில் தேடினேன். காதுவலியில் ஆரம்பித்து, மூன்றாவது நிமிஷத்தில் மண்டையோட்டு ஆபரேஷன் வரை போய்விட்டேன். வியர்த்துவிட்டது. மனைவி போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, டாக்டர் முன்பே எடை பார்த்து எழுதிக் கொடுத்திருந்த பாராசிட்டமால் சிரப்பை அளந்து கொடுத்தாள். குழந்தை என் தோளிலேயே தூங்கியது. நான் விடியும் வரை ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். போன நவம்பர் மாதம் அது. வெளியே சென்னை மழை ஊற்றிக்கொண்டிருந்தது.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். ஆறு வருஷம் ஆடிட்டர் ஆபீஸில் அடுத்தவன் கணக்கைச் சரிபார்த்தேன். இப்போது பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறேன். அதாவது இப்போது சரிபார்க்க என்னிடம் கணக்கே இல்லை. இந்த முன்கதை எதற்கு என்பது பின்னால் தெரியும்.

காலையில் முதல் டோக்கன். எங்கள் பேட்டையில் பல வருஷமாக இருக்கிற குழந்தை டாக்டர் அம்மா. அதிகம் பேசமாட்டார். சின்ன டார்ச் வைத்த கருவியால் இரண்டு காதையும் பார்த்தார்.

"வலது பக்கம் செவிப்பறை சிவந்து வீங்கியிருக்கு. நடுக்காதுல தொற்று. சளி பிடிச்சு எத்தனை நாள் ஆச்சு?"

"நாலு நாள் டாக்டர். மழையில..."

"மழை இல்ல, மூக்குதான் காரணம்" என்றார். மேஜையிலிருந்த பிளாஸ்டிக் காதைத் திறந்து காட்டினார். மூக்குக்குப் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. 16-ம் நூற்றாண்டில் அதை விவரித்து எழுதிய இத்தாலிய உடற்கூறு நிபுணர் யூஸ்டாக்கியின் பெயரால் யூஸ்டேஷியன் குழாய் என்கிறார்கள். நமக்கு அது நீளமாக, சரிவாக இருக்கும். குழந்தைகளுக்குக் குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கை வசமாக இருக்கும். சளி பிடித்தால் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே நீர் தேங்கும். தேங்கின இடத்தில் கிருமி குடிவரும்.

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. பிளம்பர் பாஷையில் சொன்னால், வாட்டம் இல்லாத பைப். எங்கள் தெரு மழைநீர்க் கால்வாயும் அதே டிசைன்தான்.

"எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. ரெண்டு வயசுக்கு மேல, லேசான வலியா இருந்தா, வலிக்கு மட்டும் மருந்து குடுத்து ரெண்டு மூணு நாள் பாக்கலாம். இவளுக்குக் காய்ச்சலும் அதிகம், வலியும் அதிகம். அதனால எழுதறேன். ஏழு நாள் முழுசாக் குடுக்கணும்" என்று எழுதினார்.

அதற்குப் பிறகு அவர் இன்னும் நாலைந்து வாக்கியம் சொன்னார். அவை என் காதில் விழுந்தன. மண்டையில் ஏறவில்லை. நான் அப்போது ஜிபேயில் 400 ரூபாய் போயிற்றா, சுற்றிக்கொண்டே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை காய்ச்சல் 101. மருந்து கொடுத்து சரியாக ஒரு நாள் ஆகியிருந்தது. குழந்தை சாப்பிட மறுத்தாள். நான் ஆட்டோ பிடித்தேன். மனைவி, "இருங்களேன், நேத்துதானே ஆரம்பிச்சோம்" என்றாள். நான் ஒரு தகப்பனின் கம்பீரத்தோடு, "குழந்தை விஷயத்துல ரிஸ்க் எடுக்கக் கூடாது" என்றேன்.

டாக்டர் அம்மா பார்த்தார். கழுத்தை அசைத்துப் பார்த்தார், காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நேத்து என்ன சொன்னேன்?"

ஙே என்று விழித்தேன்.

"48 மணியிலேர்ந்து 72 மணி நேரம் குடுங்கன்னு சொன்னேன். ஆன்டிபயாடிக் என்ன, சுவிட்சா? போட்ட உடனே எரியறதுக்கு?"

உதவியாளர் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த அம்மாக்கள் கூட்டத்துக்கும் அது கேட்டிருக்க வேண்டும். நான் வெளியே வந்தபோது ஏழு ஜோடிக் கண்கள் என் மேல். அசடு வழிந்துகொண்டே செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். டாக்டர் அன்று ஃபீஸ் வாங்கவில்லை. அது இன்னும் அவமானமாக இருந்தது.

ஆட்டோவில் மனைவி ஒன்றுமே சொல்லவில்லை. கல்யாணமானவர்களுக்குத் தெரியும், அதைவிட பலமாக எதுவும் சொல்ல முடியாது.

அன்று ஒரு சபதம் எடுத்தேன். இனி எதற்கெடுத்தாலும் ஓடுகிற அப்பாவாக இருக்க மாட்டேன். நிதானமானவன், விஷயம் தெரிந்தவன் என்று பெயர் எடுப்பேன். இந்தக் கட்டுரையில் வருகிற எல்லா அசம்பாவிதங்களுக்கும் அந்தச் சபதம்தான் காரணம்.

டாக்டர் சொன்னபடியே மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. வலியும் போயிற்று. ஐந்தாம் நாள், "அதான் குணமாயிடுச்சே, எதுக்கு இன்னும் உஷ்ண மருந்து?" என்றார் மாமியார். மனைவி ஏழு நாளும் விடாமல் கொடுத்தாள். பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "ஃப்ரிட்ஜில் வை, அடுத்த தடவைக்கு ஆகும்" என்றேன், ஆடிட்டர் ஆபீஸ் புத்தியில். அவள் லேபிளைக் காட்டினாள். தண்ணீர் கலந்த பிறகு அந்த மருந்துக்கு ஆயுசு ஏழு நாள்தான். கொட்டிவிட்டாள்.

சுபம் என்று போட்டிருக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழிந்தது. என் மகள் மெல்ல மெல்ல ஒரு அடங்காப்பிடாரி ஆனாள்.

"பாப்பா, சாப்பிட வா." பதில் இல்லை. "பாப்பா!" திரும்பவே மாட்டாள். நாலாவது தடவை கத்தினால், "என்னது?" என்பாள், ஒன்றும் தெரியாத மாதிரி. டி.வி. சத்தம் நாளுக்கு நாள் ஏறியது. குறைத்தால் அழுகை. டி.வி.க்குப் பக்கத்தில் போய் மூக்கு ஒட்டுகிற மாதிரி நிற்பாள். "செருப்பை எடுத்து வை" என்றால் பருப்பு டப்பாவைத் தொட்டுக் காட்டி, "இதுவா?" என்பாள். வேண்டுமென்றே விளையாடுகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டிசம்பர் முதல் வாரத்தில் டைரியில் டீச்சர் எழுதியனுப்பினார்: வகுப்பில் கவனம் இல்லை, கூப்பிட்டால் பதில் சொல்வதில்லை, வீட்டில் கொஞ்சம் கண்டிக்கவும்.

கண்டித்தேன். மூலையில் நிற்க வைத்தேன். கார்ட்டூனை நிறுத்தினேன். "சொன்ன பேச்சு கேக்கறதே இல்லை நீ!" என்று தினமும் ஒரு தடவையாவது கத்தினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதைத் திமிர் என்று நினைத்தேன். ஒரு நாலு வயதுக் குழந்தை அப்பாவின் வாயை ஏன் அவ்வளவு உற்றுப் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

மனைவிக்குத் தோன்றியது. "ஏங்க, காதை ஒருதரம் காட்டிட்டு வந்துடலாமா?"

"வலி இருக்கா?"

"இல்லை."

"காய்ச்சல்?"

"இல்லை."

"அப்புறம் என்ன? ரெண்டு நாள் பார்க்கலாம்."

நம் ஊரில் ஆண்பிள்ளைகள் சொல்லும் வாக்கியங்களில் மிகவும் செலவு வைக்கிற வாக்கியம் இதுதான். இந்த 'ரெண்டு நாள்' எந்த காலண்டரிலும் வராது. ஸ்கூட்டரில் ஒரு சத்தம், கூரையில் ஒரு கசிவு, பல்லில் ஒரு கூச்சம், எல்லாவற்றுக்கும் ரெண்டு நாள். எனக்கு அரை நாள் வேலை கெடும், 400 ரூபாய், டோக்கனுக்குக் காத்திருப்பு என்று காரணங்களை அடுக்கினேன். உண்மையான காரணம் ஒன்றே ஒன்று. அந்தக் கண்ணாடிக்கு மேலாக வந்த பார்வை. மறுபடி போய், "ஒண்ணுமில்ல சார், போங்க" என்று சொல்லிவிட்டால்?

சரி, இடைப்பட்ட வழி என்று மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். "தம்பி, போன மாசம் வாங்கின அதே சிரப் ஒண்ணு குடு."

"சீட்டு இருக்காண்ணா?"

"பழைய சீட்டுதான். அதே காதுதான்."

"புதுச் சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் தரமாட்டேண்ணா" என்று கையை விரித்துவிட்டான். அன்றைக்கு அவன் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இன்றைக்கு அவனுக்குக் கோயில் கட்டலாம்.

பிறகு அந்த சனிக்கிழமை வந்தது.

சாயங்காலம் காய்கறிக் கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். நான் சில்லறை வாங்கிக்கொண்டிருந்தபோது அவள் எதிரே பலூன்காரனைப் பார்த்துவிட்டு நாலு அடி முன்னால் போய்விட்டாள். தெரு முனையிலிருந்து ஒரு பைக் வருவதைப் பார்த்தேன். "பாப்பா, நில்லு!" என்றேன். நிற்கவில்லை. அந்த ஹாரன் இரைச்சலிலும் என் குரல் கடைக்காரருக்குக் கேட்டது, அவர் நிமிர்ந்தார். இவள் திரும்பவே இல்லை. நேரே தெருவில் இறங்கினாள். பைக்காரர் பிரேக் போட்டுச் சறுக்கி, ஒரு காலை ஊன்றி, அவளிடமிருந்து ஒரு முழ தூரத்தில் நின்றார்.

ஓடிப் போய்த் தூக்கினேன். தூக்கிய கையோடு முதுகில் ஒன்று வைத்தேன்.

நான் என் மகளை அடித்தது அதுதான் முதல் தடவை. "எத்தனை தடவை கூப்பிட்டேன்? காது கேக்கல?" என்று கத்தினேன். எல்லா அப்பாக்களும் கேட்கிற கேள்விதான். அதற்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை.

அவள் தேம்பித் தேம்பி, "நீ கூப்பிடவே இல்லை" என்றாள்.

பொய் வேறு சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி மனைவி ஒரு பரீட்சை வைத்தாள். குழந்தை தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். டி.வி. இல்லை, ஃபேன் கூட இல்லை. மனைவி அவளுக்குப் பின்னால் ஐந்தடி தள்ளி நின்று, சாதாரணமாகப் பேசுவதைவிடக் கொஞ்சம் மெதுவாக, "ஃப்ரிட்ஜ்ல ஐஸ்க்ரீம் இருக்கே, யாருக்கு வேணும்?" என்றாள்.

அமைதி.

இன்னொரு தடவை சொன்னாள். என் மகள் யானைக்கு ஐந்தாவது காலை வரைந்துகொண்டிருந்தாள்.

அடங்காப்பிடாரி என்ன வேண்டுமானாலும் செய்யும். ஐஸ்க்ரீமை மட்டும் கேட்காத மாதிரி நடிக்காது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் என் வலது கையைப் பார்த்தேன். சாயங்காலம் அதே கை.

திங்கட்கிழமை முதல் டோக்கன். அவமானம் கிவமானம் எல்லாம் போன இடம் தெரியவில்லை.

டாக்டர் அம்மா இரண்டு காதையும் வெகுநேரம் பார்த்தார். காதுக்குள் மெல்லக் காற்றடித்துச் செவிப்பறை அசைகிறதா என்று பார்த்தார். "தொற்று இல்லை. சிவப்பு இல்லை. ஆனா ரெண்டு பக்கமும் செவிப்பறைக்குப் பின்னால நீர் தேங்கிக் கெட்டியா இருக்கு, பசை மாதிரி. அதனால பறை சரியா அசையல. இவளுக்கு நாம பேசறது தலையணைக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து பேசற மாதிரி இருக்கும். ஒரு நாள் கொஞ்சம் நல்லாக் கேக்கும், ஒரு நாள் கேக்காது. சத்தமான இடத்துல சுத்தமாப் பேச்சு பிடிபடாது."

"இதுக்கு என்ன மருந்து டாக்டர்?"

"மருந்து இல்லை. ஆன்டிபயாடிக்கால இது போகாது. காதுவலிக்கு அப்புறம் இந்த நீர் வாரக்கணக்குல இருக்கறது சகஜம். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூணு மாசத்துக்குள்ள தானா வடிஞ்சிடும்."

எனக்குள் இருந்த பி.காம். தலை தூக்கியது. "தானா வடிஞ்சிடும்னா, நான் இன்னிக்கு வந்திருக்கவே வேண்டாமே டாக்டர்?"

அவர் பேனாவை மூடினார். "இந்த ஒரு மாசமா குழந்தையை எத்தனை தடவை திட்டினீங்க?"

நான் பதில் சொல்லவில்லை.

"காதுக்காக வரவேண்டாம்னா கூட, அதுக்காக வந்திருக்கணும் சார். அவளுக்குக் கேக்கலைன்னு அவளுக்கே தெரியாது. எல்லாருக்கும் இப்படித்தான் கேக்கும்னு நினைச்சுக்கிட்டிருப்பா. தெரிஞ்சுக்க வேண்டியது நாமதானே?"

நல்லவேளை, இந்தத் தடவை வெளியே யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

அப்புறம் அவர் வரிசையாகக் கேட்டார். நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாச்சா? போட்டாச்சு. (2017-ல் சில மாநிலங்களில் ஆரம்பித்து, 2021-ல் நாடு முழுவதும் அரசாங்கத்தின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. காதுத் தொற்றுக்குக் காரணமான கிருமிகளில் முக்கியமான ஒன்றை அது தடுக்கிறது.) படுத்துக்கொண்டே பாட்டிலில் பால் குடிக்கிற பழக்கம் உண்டா? இல்லை. வீட்டில் யாராவது சிகரெட்?

"பால்கனியிலதான் டாக்டர்..."

"புகைக்குப் பால்கனி, ஹால்னு தெரியுமா? உங்க சட்டையிலயே வருதே, இப்ப." சிகரெட் புகை படுகிற குழந்தைகளுக்குக் காது உபத்திரவம் அதிகம் என்றார். மனைவி ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயத்துக்கு மேல்கோர்ட்டு தீர்ப்பு கிடைத்துவிட்டது.

கடைசியில் நானே கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. "டாக்டர், எந்தெந்த நிலைமைக்கு எப்போ திரும்ப வரணும்? கொஞ்சம் எழுதிக் குடுத்துடுங்களேன்."

சீட்டின் பின்பக்கம் எழுதினார். படித்ததும் எனக்கு ஆடிட்டர் ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது. கம்பெனிக்கு வரவேண்டிய பாக்கிகளை நாங்கள் 'ஏஜிங்' போடுவோம். 30 நாள் பாக்கி, 60 நாள் பாக்கி, 90 நாள் பாக்கி என்று பிரிப்போம். எல்லா பாக்கிக்கும் முதல் நாளே ஆள் அனுப்பினால் வியாபாரம் கெடும். எல்லாவற்றையும் 'ரெண்டு நாள் பார்க்கலாம்' என்று விட்டால் கம்பெனியே கெடும். எது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் வித்தை. காதுக்கும் அதே கணக்கு.

முதல் கட்டம், பூஜ்யம் நாள். அதாவது உடனே, ராத்திரியானாலும். காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து, காது முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால், கழுத்து விறைத்தால், குழந்தை துவண்டு எழுப்ப முடியாமல் கிடந்தால், ஓயாத வாந்தி, கடுமையான தலைவலி, நடையில் தள்ளாட்டம், முகம் ஒரு பக்கம் கோணுதல் இருந்தால். மூன்று மாதத்துக்குள் உள்ள கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலே இந்தக் கட்டம்தான். இதை லேசாக நினைக்காதீர்கள். ஆஸ்கார் வைல்டின் அப்பா சர் வில்லியம் வைல்ட், டப்ளின் நகரத்தில் பிரபலமான காது டாக்டர். 1853-ல் காது அறுவை சிகிச்சை பற்றிப் புத்தகமே எழுதியவர். அவர் மகன் 1900-ல் மூளைச்சவ்வு அழற்சியால் இறந்தார். காதில் ஆரம்பித்த தொற்றுதான் உள்ளே பரவியது என்று பலரும் கருதுகிறார்கள். ஆன்டிபயாடிக் இல்லாத காலம் அது. நமக்கு இருக்கிறது. நேரத்துக்குப் போனால்தான் அதற்கும் வேலை.

இரண்டாவது கட்டம், மூன்று நாள். மருந்து ஆரம்பித்தாலும் சரி, மருந்தில்லாமல் காத்திருந்தாலும் சரி, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சலும் வலியும் குறைய ஆரம்பிக்க வேண்டும். குறையவில்லை, அல்லது குறைந்து மறுபடி ஏறுகிறது என்றால் போய்விட வேண்டும். நடுவில் நிலைமை மோசமானால் மூன்று நாள் கணக்கு செல்லாது.

மூன்றாவது கட்டம், பதினாலு நாள். காதிலிருந்து சீழோ நீரோ வடிந்தால் முதலிலேயே ஒருதரம் காட்டிவிட வேண்டும். இதில் ஒரு தந்திரம் உண்டு. செவிப்பறை சின்னதாகக் கிழிந்து சீழ் வெளியே வந்ததும் வலி சட்டென்று குறைந்துவிடும். வலி போச்சு என்று நாம் சந்தோஷப்படுவோம். பெரும்பாலும் அந்தக் கிழிசல் தானே ஆறிவிடும். ஆனால் வடிவது இரண்டு வாரத்தைத் தாண்டினால் அது நாள்பட்ட கேஸ். உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கு வகுத்த வழிமுறையிலும் பதினாலு நாள்தான் எல்லைக்கோடு. (எண்ணெய் ஏன் கூடாது என்பதும் அன்றுதான் புரிந்தது. பறையில் ஓட்டை இருக்கிறதா, இல்லையா என்று நமக்கு வெளியிலிருந்து தெரியாது. மாமியாரிடம் சொன்னேன். "அந்தக் காலத்துல காதுல ஓட்டை கம்மலுக்கு மட்டும்தான் இருந்தது" என்றார்.)

நான்காவது கட்டம், மூன்று மாதம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, ஆனால் காது மந்தம். எங்கள் கேஸ். சந்தேகம் வந்தவுடன் ஒருதரம் காட்டி, நீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு மேலும் தங்கினால் ஈ.என்.டி. டாக்டர், ஆடியோகிராம். தேவைப்பட்டால் செவிப்பறையில் கிரோமெட் என்கிற பொடி குழாய் வைத்து நீரை வடிய விடுவார்கள். பேச்சு பழகுகிற வயது. அதனால் மாதக்கணக்கில் விட்டுவைக்கக் கூடாது.

இதில்லாமல் ஒரு தனிப் பதிவேடு. ஆறு மாதத்தில் மூன்று தடவை, அல்லது ஒரு வருஷத்தில் நாலு தடவை காதுத் தொற்று வந்தால், அதையும் ஈ.என்.டி. டாக்டரிடம் சொல்ல வேண்டும். தேதி எழுதி வைத்தால்தானே சொல்ல முடியும்? காலண்டரில் பால் கணக்கு எழுதுகிறோம், கேஸ் சிலிண்டர் வந்த தேதி எழுதுகிறோம். காதுவலி வந்த தேதியையும் எழுதினால் குறைந்தா போவோம்?

அது வரைக்கும் வீட்டில் என்ன செய்வது? டாக்டர் சொன்னது சுலபம். கிட்டே போய், முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். முதலில் தோளைத் தொடுங்கள், பிறகு பேசுங்கள். பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சு கேளுங்கள். டீச்சருக்கு நானே போய்ச் சொன்னேன். பாவம், அவரும் சங்கடப்பட்டார். மறுநாளிலிருந்து குழந்தை முன் வரிசை.

அன்று ராத்திரி அவளைத் தூங்க வைக்கும்போது, "ஸாரி குட்டி, அன்னிக்கு அப்பா அடிச்சது தப்பு" என்றேன். இந்த மாதிரி வசனங்களை நாம் மெதுவாகத்தான் சொல்வோம்.

"என்னது?" என்றாள்.

கொஞ்சம் கூட்டிச் சொன்னேன்.

"ஆங்? சத்தமாச் சொல்லுப்பா."

முகத்துக்கு நேரே குனிந்து, வீடே அதிரச் சொன்னேன். "அப்பா அடிச்சது தப்பு! ஸாரி!" சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமியார் சீரியலை ம்யூட் செய்தார். மகள் மட்டும் சாவதானமாக, "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தமிழில் 'கேட்பது' என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வேலை வாங்குகிறோம். காதால் கேட்பது ஒன்று. சொன்னபடி கேட்டு நடப்பது ஒன்று. தெரியாததை வாய்விட்டுக் கேட்பது ஒன்று. என் மகளுக்கு முதலாவது முடியவில்லை. நான் அதை இரண்டாவது என்று நினைத்து தண்டித்தேன். அதற்குக் காரணம், டாக்டரிடம் மூன்றாவதை நான் செய்யாதது.

பெண்டாட்டி பிள்ளை இல்லாத தம்பிகளும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கும் ஒரு நாள் ராத்திரி ஒண்ணே முக்கால் மணி வரும். அப்போது ஓடுவதா, இருப்பதா என்று குழம்புவீர்கள். ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். முதல் தடவை டாக்டர் ரூமை விட்டு எழுந்திருக்கும் முன், "எது நடந்தா, எத்தனை நாள்ல திரும்ப வரணும்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டு கையில் இருந்தால் அநாவசியமாக ஓடவும் மாட்டீர்கள், கௌரவம் பார்த்து உட்காரவும் மாட்டீர்கள்.

ஜனவரி கடைசியில் மூன்றாவது செக்கப். காதுவலி ஆரம்பித்துப் பன்னிரண்டு வாரம். இடது காது சுத்தம், வலது காதில் கொஞ்சூண்டு பாக்கி. பிப்ரவரியில் அதுவும் வசூலாகிவிட்டது. செவிப்பறை இரண்டும் ஜம்மென்று அசைகிறது என்றார் டாக்டர் அம்மா. அன்றைக்கு ஃபீஸ் கொடுத்தபோது இருந்த சந்தோஷம், எனக்கு என்றைக்குமே செக் வந்தபோது இருந்ததில்லை.

எனக்குத் தெரிந்தது அதற்கு முன்பே. ஒரு நாள் ராத்திரி மனைவியிடம், "பிஸ்கெட் பாக்கெட்டை மேல் அலமாரியில வெச்சிருக்கேன், அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்று கிசுகிசுத்தேன். பக்கத்து ரூமிலிருந்து கணீரென்று குரல் வந்தது: "எனக்குத் தெரியுமே!"

இப்போதும் நாலு தடவை கூப்பிட்டால்தான் சாப்பிட வருகிறாள். செருப்பை எடுத்து வைப்பதில்லை. டி.வி.யை நிறுத்து என்றால் நிறுத்துவதில்லை.

ஆனால் காது நன்றாகக் கேட்கிறது. வெறுமனே சொன்ன பேச்சுதான் கேட்பதில்லை. அதற்கு ரெண்டு நாள் பார்க்கலாம்.